கடைசிப் பெட்டியில் மாசிலாமணி வழக்கு

மாரிகுப்பத்தில் ரயில் புறப்படும்போது கடைசிப் பெட்டியின் பாதி சீட்டுகளில் ஆளே இருப்பதில்லை. துண்டும் கைக்குட்டையும் டிபன் பையும்தான் உட்கார்ந்திருக்கும். வழியில் கோரமண்டல் ஸ்டேஷனில் ஏறுகிறவர்களுக்கு மாரிகுப்பத்துக்காரர்கள் போட்டு வைக்கும் இடம் அது. அன்று காலை நேத்ராவின் இடத்தில் திலீப் தன் பையை வைத்திருந்தான். அவள் ஏறியதும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

நேத்ரா உட்கார்ந்தாள்.  அவள் பெங்களூர் சிவாஜிநகரில் ஒரு சின்னத் தமிழ்ப் பதிப்பகத்தில் வேலை பார்ப்பவள். ஐம்பது வருடத்துக்கு முன்னால் வந்த 'மூன்றாம் ஷாஃப்ட் மர்மம்' என்ற சிறுவர் துப்பறியும் நாவலை அவர்கள் மறுபடி அச்சிடுகிறார்கள். கடைசிப் பக்கத்தில் வாசகர் கருத்துகள் வருகின்றன. கருத்துக்கு அவள் வெளியே அலையவில்லை. தங்கச் சுரங்கத்தில் நடக்கிற கதை, தங்க வயல் ரயில், இதைவிட வேறு வாசகர் யார் என்று இந்தப் பெட்டியிலேயே வாங்கிவிட்டாள். தினமும் பங்காருபேட்டை ஸ்டேஷன் வருவதற்குள் ஓர் அத்தியாயம் என்று பெட்டிக்கே உரக்கப் படித்துக் காட்டியவள் அமலா, திலீப்பின் மனைவி.

ரவிகுமார் சொன்ன கருத்து இது: 'ஆறாவது படிக்கும்போது போர்வைக்குள் டார்ச் அடித்துப் படித்தேன். இப்போது முடிவு தெரிந்தே படிக்கிறேன், இன்னும் படபடப்பு குறையவில்லை.' ஒயிட்ஃபீல்டு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் பார்வதம்மா, அந்த மூன்று பையன்களும் வீட்டில் சொல்லாமல் கிளம்பிப் போவது ஒன்றுதான் பிடிக்கவில்லை, மற்றபடி நல்ல கதை என்றாள். அமலா சொன்னது வேறு மாதிரி, கதையில் திருடனாகப் பிடிபடும் மாசிலாமணியைப் பற்றி. சுரங்கத்துக்குள் ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டை, அதாவது கேஜை, ஓட்டும் டிரைவர் அவர். 'மாசிலாமணி திருடவில்லை. கேஜ் ஓடும்போது டிரைவர் சீட்டை விட்டு எழுந்திருக்க மாட்டார். வேறு ஆளைத் தேடுங்கள்.'

சொல்லிவிட்டுச் சிரித்தாள். மழைக்காலத்தில் அவளுக்கு டெங்கு வந்தது. அதோடு முடிந்தது. அதன் பிறகு பெட்டியில் யார் என்ன கேட்டாலும் திலீப்பிடமிருந்து ஒரே பதில்தான்: சரி.

"திலீப் அண்ணா, இன்னிக்கு மத்தியானம் புக்கு பிரஸ்ஸுக்குப் போகுது," என்றாள் நேத்ரா. "அமலா அக்கா சொன்னதை எடுத்துடுன்னு எங்க சார் சொல்றாரு. தப்பான கருத்தைப் போட்டா நம்மளப் பாத்துதான் சிரிப்பாங்களாம். கதையிலேயே ஆதாரம் இருந்தா காட்டு, முதல் ஆளா போடறேன்னாரு. நானும் தேடிப் பாத்தேன். எனக்கு ஒண்ணும் அகப்படல."

சரி என்ற வார்த்தை திலீப்பின் வாய் வரை வந்தது. வந்து அங்கேயே நின்றது.

"எடுக்காதீங்க," என்றான்.

எதிர் சீட்டில் பூரியைப் பிய்த்துக்கொண்டிருந்த ரவிகுமார் நிமிர்ந்தார். "இன்னாப்பா, பேச்சு வருது?"

"வரட்டுமே, உனுக்கு இன்னா," என்றாள் பார்வதம்மா.

"வரட்டும்க்கா, சந்தோஷம். ஆனா கேஸுன்னு வந்தா நியாயம் பேசணும். அமலாவோட அப்பா யாரு? அவுரே வைண்டிங் எஞ்சின் டிரைவரு. கேஜை ஏத்தி எறக்குன மனுசன். பொண்ணு வேற இன்னா சொல்லும்?"

 திலீப் வளர்ந்தது சுரங்கத்தோடு சம்பந்தமில்லாத ஒரு தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில். கேஜ் ஓடி அவன் பார்த்ததில்லை. பார்க்கிற வயது வருவதற்குள் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். அமலா சொன்னது சரியா தப்பா என்று அவனுக்குத் தெரியாது. அவள் பெயரில் இனி அச்சில் வரக்கூடியது அந்த மூன்று வரிதான் என்பது மட்டும் தெரியும்.

நேத்ராவிடமிருந்து புத்தகத்தை வாங்கித் திருட்டு நடக்கிற அத்தியாயத்தைப் பிரித்தான்.

கதை எல்லோருக்கும் மனப்பாடம். ஸ்டோரிலிருந்து ஒரு தங்கக்கட்டி காணாமல் போகிறது. மாசிலாமணி எஞ்சின் கொட்டகையின் பின்வாசல் வழியாக மூட்டையோடு போனதைப் பார்த்தேன் என்கிறார் ஸ்டோர் கிளார்க். அவர் காட்டிய வழியில் போன சிறுவர்கள் மாசிலாமணி வீட்டுக் கோழிக்கூண்டுக்கு அடியில் கட்டியைக் கண்டுபிடிக்கிறார்கள். எஞ்சினைத் தானாக ஓடவிட்டுவிட்டு வந்து திருடினான் என்று மூத்த பையன் விளக்க, போலீஸ் விலங்கு மாட்டுகிறது. ஊர் சிறுவர்களுக்கு மாலை போடுகிறது.

திலீப் உரக்கப் படித்தான். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை.

"இன்னாப்பா, ரேஷன் கடைல பேர் கூப்புடற மாதிரி படிக்கிறே," என்றார் ரவிகுமார்.

"நீ பூரியத் துண்ணு," என்றாள் பார்வதம்மா.

திலீப் நிறுத்தவில்லை. "'அடியிலிருந்து மணி ஒலித்தது. எஞ்சின் கொட்டகையிலிருந்து பதில் மணி ஒலித்தது. ஆட்களை ஏற்றிக்கொண்டு கேஜ் மேலே வரத் தொடங்கியது. அதே வேளையில் ஸ்டோர் கதவு திறந்து மூடும் ஓசை சிறுவர்களின் காதில்—'"

"நில்லு," என்றாள் பார்வதம்மா. "திருப்பிப் படி."

படித்தான்.

"பதில் மணி யார் அடிச்சாங்க?"

அடுத்த வரிசையில் சீட்டு ஆடிக்கொண்டிருந்தவர்கள் சீட்டைக் கவிழ்த்தார்கள். ஒருவர் திரும்பினார். "டிரைவர்தாங்க்கா அடிக்கணும். எங்கப்பா சொல்வாரு. கீழ மணி அடிச்சி, மேலருந்து பதில் வந்தாத்தான் கேஜு நகரும். வரலன்னா ஒருத்தனும் அசைய மாட்டான்."

"அப்ப டிரைவரு உள்ளாரதான் கீறாரு," என்றாள் பார்வதம்மா.

தலைமுறை தலைமுறையாக அந்த மணியைக் கேட்டு வளர்ந்த குடும்பங்கள். அத்தனை பேரும் அந்த வரியைக் கேட்டுக் கடந்து போயிருக்கிறார்கள். வீட்டில் அன்றாடம் கேட்கிற சத்தத்தை யார் சாட்சி என்று நினைப்பார்கள்?

ரவிகுமார் லேசில் விடுகிறவர் இல்லை. "மணியை அடிச்சிட்டு, எஞ்சினைத் தட்டி விட்டுட்டு ஓடியிருக்கலாமே. கதையில அப்படித்தானே கீது."

பெட்டி யோசித்தது. திலீப் ஒரு பக்கம் புரட்டினான், விரல் வரிகள் மேல் வேகமாக இறங்கியது. அவனுக்குக் கேஜைத் தெரியாது. பிரேக்கைத் தெரியும். மெக்கானிக்கல் படித்துவிட்டு லிஃப்ட் கம்பெனியில் பிரேக்கோடுதான் தினமும் மல்லுக்கட்டுகிறான்.

"அடுத்த பக்கம்," என்றான். "'கேஜ் மெல்ல வேகம் குறைந்து, பூப்போல வந்து நின்றது.'"

இந்த முறை குரல் ரேஷன் கடைக் குரலாக இல்லை.

"அந்தக் காலத்து எஞ்சின், ரவி அண்ணே. அத்தனை ஆளோட எடை. வேகம் யாரு குறைச்சது? தானா பூப்போல நிக்குமா? ஆள் இல்லன்னா மேல சக்கரத்துல போய் மோதி, உள்ள இருக்கறவங்க கதி என்ன? மணி அடிச்சதுலருந்து கேஜ் நின்ன வரைக்கும் மாசிலாமணி கை பிரேக் லிவர் மேலதான் இருந்துச்சு. ஸ்டோர் கதவு திறந்தது அதுக்கு நடுவுல."

அமலா போன பிறகு அவன் தொடர்ந்து இவ்வளவு பேசியதில்லை. ரவிகுமாரின் கையில் பூரி அப்படியே இருந்தது.

"சரிப்பா," என்றார் அவர் மெதுவாக. "மாசிலாமணி சீட்டுல கீறாரு. அப்ப பின்வாசல்ல அவரப் பாத்தேன்னு ஒருத்தன் சொன்னானே?"

 மறுகணம் ரவிகுமாரே தொடையில் அறைந்தார். "கிளார்க்கு. அவன்தான்யா. ஸ்டோர் சாவி யார்கிட்ட? அவன்கிட்ட. பசங்களுக்குக் கோழிக்கூண்டுக்கு வழி காட்டுனது யாரு? அவனே. வச்சவனே எடுத்துக் குடுத்துருக்கான். பசங்க மாலையை வேற வாங்கிக்கினு போஸ் குடுக்குதுங்க."

பெட்டி அதிர்ந்தது. முன் வரிசைக்காரர்கள் எழுந்து வந்து என்ன ஆச்சு என்றார்கள். ஆளுக்கொரு பக்கம் விளக்கம். நாவலை எழுதியவர் சென்னைக்காரர். எப்போதோ சுரங்கத்தைச் சுற்றிப் பார்க்க வந்திருப்பார். காதில் விழுந்ததையும் கண்ணில் பட்டதையும் நேர்மையாக எழுதி வைத்துவிட்டு, அதுவே தன் குற்றவாளியைக் காப்பாற்றும் என்று அறியாமல் போய்விட்டார். அமலாவுக்கு இதைத் தனியாகத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. அவள் ஒரு பதில் மணியோடு வளர்ந்தவள்.

நேத்ரா பதிப்பாளரை அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டாள். வரிகளைப் படித்துக் காட்டினாள். நடுவில் பார்வதம்மாவும் ரவிகுமாரும் புகுந்தார்கள். போனில் பக்கம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு பதிப்பாளர் சிரித்தார்.

"ஐம்பது வருஷமா அந்த மனுஷன் ஜெயில்ல இருக்காரேம்மா. முதல்ல அந்த அம்மா கருத்து. அதுக்குக் கீழ, எந்தப் பக்கம்னு எழுதி இந்த ரெண்டு வரியையும் போடு. மத்ததெல்லாம் அப்புறம்."

"என் படபடப்பு?" என்றார் ரவிகுமார் போனைப் பார்த்து.

"இடம் இருந்தா போடறோம் சார்."

பெட்டியே சிரித்தது. ரவிகுமாரும் சிரித்தார். "போகட்டும். அமலாகிட்ட தோத்தா கெவுரவம்தான்."

நேத்ரா பேனாவை எடுத்தாள். "அமலா திலீப்னு போடட்டுமா அண்ணா?"

"அமலா போதும்," என்றான் திலீப். "மாரிகுப்பம்னு போடுங்க. அது அவ ஊர்."

   ஜெயித்தால் எப்படி இருக்கும் என்பதை அவன் மறந்தே போயிருந்தான்.

மாலூரில் கூட்டம் ஏறியது. ரவிகுமார் வாசல் வரை போய், ஏறுகிற ஒவ்வொருவரிடமும், "மாசிலாமணி விடுதலைங்க, மாசிலாமணி விடுதலை," என்று வழிவிட்டார். உள்ளே வந்து கம்பியைப் பிடித்துக்கொண்ட ஒருவர் குழம்பிப்போய்த் திலீப்பிடம் கேட்டார்.

"யாருங்க அது? இன்னா கேஸு?"

திலீப் நகர்ந்து, தன் சீட்டில் பாதியை அவருக்குக் கொடுத்தான்.

"உக்காருங்க," என்றான். "சொல்றேன். மூணு பசங்க. ஒரு தங்கக்கட்டி. என் பொண்டாட்டிக்கு ஆரம்பத்துலயே தெரியும்."