முதுகுளத்தூரிலிருந்து வரவேண்டிய மழை

பிற்பகல் மூன்று இருபதுக்கு அந்த நாட்டில் எல்லோர் மேலும் மழை பெய்தது. நாகநாதன் மேல் மட்டும் பெய்யவில்லை.

அதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. அங்கே அவரவர் மழை அவரவர் மேல்தான் பெய்யும். வெளிநாட்டிலிருந்து குடியேறியவர்கள் தங்கள் ஊர் மழைக்கு மாற்றல் வாங்கிக்கொள்ள வேண்டும். பக்கத்து வீட்டு நார்வேக்காரர் மேல் அதே நேரத்துக்குப் பனி பெய்தது. அவர் கையில் மண்வாரி இல்லாமல் வெளியே வருவதில்லை.

நாகநாதன் முதுகுளத்தூர்க்காரன். ஐஸ் கம்பெனியில் கம்ப்ரசர் மெக்கானிக். நாடு சிறியது. காலையில் போதுமான அளவு இருக்கும். மதிய வெயிலில் சற்றுச் சுருங்கும். அப்போது ஐஸ் கம்பெனி வாசல் கடலுக்குள் போய்விடும். சாப்பிடப் போனவர்கள் கால்சட்டையை மடித்துக்கொண்டு திரும்புவார்கள்.

அவன் வந்து எண்பத்தேழு நாள் ஆகியிருந்தது. தொண்ணூறு நாளுக்குள் ஒருமுறையாவது நனைய வேண்டும் என்பது சட்டம். நனையாதவன் வெள்ளிக்கிழமைப் படகில் திரும்பிப் போக வேண்டும். அதே படகில்தான் அவன் மனைவி பஞ்சவர்ணமும் மகள் நிவேதாவும் வந்து இறங்குகிறார்கள். ஊரில் வாடகை வீட்டைக் காலிசெய்து, பள்ளிக்கூடத்தில் டி.சி. வாங்கி, ஆட்டுக்கல்லை எதிர்வீட்டுக்குக் கொடுத்தாயிற்று. அவர்கள் இறங்கும்போது இவன் ஏற வேண்டியிருக்கும்.

செவ்வாய்க்கிழமை மழைத்துறை அலுவலகத்துக்குப் போனான். தாழ்வாரம் நீளமானது. நடக்க நடக்க இன்னும் நீண்டது. நடுவில் ஒரு டீக்கடை இருந்தது. டீ குடித்துவிட்டு மறுபடி நடந்தான்.

அதிகாரியின் பெயர் ஒரேலியா அம்மாள். அந்த நாட்டு மொழி வேறு. ஆனால் அலுவலக நேரத்தில் எல்லோருக்கும் தமிழ் வந்தது.

"உங்க மழை வரல" என்றார் அவர்.

"எங்க நிக்குதுங்க?"

"கெளம்பவே இல்ல." கோப்பைப் புரட்டினார். "வருசத்துக்கு முப்பது நாள் பெய்யும்னு எழுதியிருக்கீங்க."

"ஆமாங்க."

"நெசமாவா?"

நாகநாதன் மேசையைப் பார்த்தான். "பதினொண்ணு."

அவர் அடித்துத் திருத்தினார். பிறகு துக்க வீட்டில் விசாரிப்பதுபோல் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "குடிக்கத் தண்ணி?"

"லாரில வரும்."

ஒரேலியா அம்மாள் கோப்பில் அடுத்த பக்கத்துக்குப் போனார். பிறகு சொன்னார்: "உங்க மழை இப்ப முனீசுன்னு ஒருத்தர் மேல பெய்யுது. யாரு அது?"

"என் மச்சினன்."

"அவர் விட்டாத்தான் வரும். அதுக்கு நீங்க முதல்ல..."

மணி ஐந்தாகிவிட்டது. மீதியை அவர் தன் மொழியில் விளக்கினார். நீளமான, தெளிவான விளக்கமாகத்தான் தோன்றியது. நாகநாதன் தலையாட்டிவிட்டு வெளியே வந்து முனீசைப் போனில் பிடித்தான்.

"மச்சான், நானே கூப்புடணும்னு இருந்தேன்" என்றான் முனீசு. பின்னால் மழைச் சத்தம் கேட்டது. "இங்க என் மேல ரெண்டு மழ பேயுது."

"ஒண்ணு என்னோடது, மாப்ள."

"தெரியும். ஆனா மொளகா இப்பத்தான் பூ விட்டுருக்கு. ஒரு பத்து நா பொறுங்க."

"எனக்கு மூணு நாத்தான் இருக்கு."

"நீங்க ஐஸ் கம்பெனியில வேல பாக்குறவரு. எந்நேரமும் ஈரத்துல நிக்கிறீக. ஒங்களுக்கு எதுக்கு மழ?"

"அது ஐஸ்டா."

"உருகுனா என்னவாம்?"

அதற்குள் போன் கை மாறியது. பஞ்சவர்ணம் பேசுவது இவனுக்குக் கேட்டது. இவனிடம் அல்ல, தம்பியிடம்.

"அவரு மழைய அவருக்கு விட்டுர்றா. எம்புள்ளைக்கு டி.சி. வாங்கியாச்சு. விடலேன்னா நாங்க ரெண்டு பேரும் ஒன் வீட்லதான் இருப்போம்."

முனீசு யோசிக்கக்கூட இல்லை. "இப்பவே அவுத்து விடுறேன் மச்சான்" என்றான். ஒரு மணி நேரம் கழித்து அவனே கூப்பிட்டான். "பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓட்டியாந்து விட்டுட்டேன். நின்னு நின்னு திரும்பிப் பாத்துச்சு. அதட்டி அனுப்பியிருக்கேன்."

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு மழை வந்தது. துறைமுகத்தில் வழி தெரியாமல் நின்றதை ஒரேலியா அம்மாளே அவன் வீட்டுக்குக் கூட்டிவந்தார். ஒரு பாய் அகலம்தான் இருந்தது. ஓரமெல்லாம் புழுதி.

"இதுதான் முழுசுமா?" என்று கேட்டார்.

"அவ்வளவுதாங்க."

"சரி. வெளிய வந்து நில்லுங்க. நான் பதிவு பண்ணணும்." பேனாவைத் திறந்தார்.

முதல் துளி கூரைத் தகரத்தில் விழுந்தது. அந்தச் சத்தம் கேட்டதும் நாகநாதன் வீட்டுக்குள் ஓடினான். இரண்டு பிளாஸ்டிக் குடங்களையும் வாளியையும் கொண்டுவந்து முற்றத்தில் வைத்தான். மறுபடி ஓடி, குக்கரிலிருந்த சோற்றைத் தட்டில் கொட்டிவிட்டு அதையும் கொண்டுவந்தான். டம்ளர்கள் நான்கு. எல்லாவற்றையும் துளி வீணாகாதபடி நெருக்கி வைத்துவிட்டு, கூரைக்கு அடியில் ஒதுங்கி நின்றான். யாரும் குடத்தை நகர்த்திவிடக் கூடாதே என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டான்.

மழை நான்கு நிமிடம் பெய்தது. பிறகு நின்றது. இனி அடுத்த ஆடி கழிந்துதான்.

அப்போதுதான் அவன் தன் சட்டையைத் தொட்டுப் பார்த்தான்.

ஒரேலியா அம்மாள் எழுதி முடித்திருந்தார். "யார் மேல பெஞ்சுதோ அவங்களுக்குத்தான் குடியுரிமை. ரெண்டு குடம், ஒரு வாளி, ஒரு குக்கர், நாலு டம்ளர். மொத்தம் எட்டுப் பேர். டம்ளருங்க மைனர்." பச்சைக் குடத்தைப் பேனாவால் சுட்டினார். "இவர்தான் மூத்தவர். அப்பா பேரு?"

வேறு வழி தெரியாமல் நாகநாதன் தன் பெயரைச் சொன்னான்.

"இதுலேர்ந்து ரெண்டு டம்ளர் எடுத்து என் தலையில ஊத்திக்கிட்டா?"

"அது குளியல். குளியல் பிரிவு மாடியில இருக்கு. அங்க மழை செல்லாது."

செல்லும் என்றிருந்தாலும் ஊற்ற அவனுக்கு மனம் வந்திருக்காது. நல்ல தண்ணீர்.

"வேற வழி?"

"குடிமக்கள்ல யாராவது உங்களுக்குப் பொறுப்பு ஏத்துக்கலாம். மேஜரா இருக்கணும். நாளைக்கு நேர்ல வந்து சம்மதம் சொல்லணும்."

வெள்ளிக்கிழமை, ஒரு தோளில் பெட்டியும் மறு தோளில் பச்சைக் குடமுமாக நாகநாதன் படகுத்துறைக்கு வந்தான். தளும்பாமல் நடந்ததால் நேரமாகிவிட்டது. பஞ்சவர்ணமும் நிவேதாவும் ஏற்கெனவே இறங்கி நின்றார்கள். ஒரேலியா அம்மாள் அவர்களிடம் விவரம் சொல்லி முடித்திருந்தார்.

"ஏங்க, மழை வந்தா ஆளு நனையணும்னு சட்டம். நீங்க குடத்த வச்சிருக்கீக" என்றாள் பஞ்சவர்ணம்.

"கை தானா போயிருச்சு" என்று குடத்தை இறக்கிவைத்தான்.

பஞ்சவர்ணம் குடத்துக்குள் எட்டிப் பார்த்தாள். நிறைந்திருந்தது. கோபம் பாதியாகக் குறைந்தது. "நம்ம அண்டா ஊர்லயே இருந்துபோச்சே" என்றாள்.

நிவேதா குடத்தைச் சுற்றிவந்தாள். "அப்ப இது எனக்குத் தம்பியாப்பா?"

"ஆமா."

"நான் தங்கச்சிதான கேட்டேன்."

படகு ஒருமுறை ஊதியது. ஒரேலியா அம்மாள் படிவத்தைக் குடத்தின் முன்னால் தரையில் விரித்து, பறக்காமல் இருக்கக் காலால் அழுத்திக்கொண்டார்.

"இன்னொரு தடவ ஊதுறதுக்குள்ள அவர் சொல்லிடணும்" என்றார். "நீங்க யாரும் சொல்லித்தரக் கூடாது. கேக்கலாம்."

நாகநாதன் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. படகுக்காரன் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான். பஞ்சவர்ணம் சேலையை ஒதுக்கிக்கொண்டு குடத்தின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள். அதன் விளிம்பில் ஒட்டியிருந்த தூசியை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"என்ன சாமி சொல்ற? அப்பா இருக்கட்டுமா, போகட்டுமா?"