கால் வலிக்கு அகராதி வைத்தியம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை மனித மனத்தின் ஆழத்திலிருந்தெல்லாம் கிடைக்கவில்லை. அரபு அகராதியில் வேறெதையோ தேடப்போய்க் கிடைத்தது. ர-ஜ-ல் என்று ஒரு வேர். அதிலிருந்து கால் வருகிறது, ஆண்பிள்ளை வருகிறான், தலை வாருவது வருகிறது, சமையல் அண்டா வருகிறது, யோசிக்காமல் நின்ற இடத்தில் பேசுவது வருகிறது. போதாக்குறைக்கு 'ரிஜ்லா'வும் வருகிறது. அது நம்மூர்ப் பருப்புக்கீரை.

(அந்தக் கீரைக்கு அரபியில் 'மடக்கீரை', அதாவது முட்டாள் கீரை என்றும் பழைய பேர் உண்டாம், ஆள் நடக்கிற வழியிலேயே முளைத்து மிதிபடுவதால். இதைக் கதையில் செருக இடம் தேடினேன், கிடைக்கவில்லை. இங்கேயே கிடக்கட்டும்.)

2

மயிலாப்பூர்க் கோபுரத்தின் மேல் மாலை வெயில் பொன்னாக —

சே! அந்த வெயிலை எத்தனை பேர்தான் எழுதுவது? நேராக ஆளைப் பிடிப்போம். கச்சேரி ரோட்டு வலியுல்லா, அரபு வாத்தியார், வயது அறுபத்திரண்டு. மனைவி ஷம்ஷாத்துக்கு மூட்டு வலி. வேறு யாராக இருந்தாலும் தைலம் வாங்கியிருப்பார்கள். இவர் அகராதியைப் புரட்டினார். காலும் கீரையும் ஒரே வேர் என்றால், காலுக்கு அந்தக் கீரைதானே மருந்து! நாற்பது நாள், தினம் ஒரு கட்டு, தன் கையால் ஆய்ந்து கடைந்து கொடுத்தார். அகராதி சொன்னது என்றால் சிரிப்பாளே என்று, "தி.நகர் யுனானி வைத்தியர் ஹக்கீம் அக்பர் பாஷா சொன்னாரு" என ஒரு பொய்யையும் கூடவே கடைந்தார்.

(ஒரு வாத்தியார் இவ்வளவு மக்காக இருப்பாரா என்று சந்தேகப்பட்டு மேலே உள்ள பத்தியை அடித்துவிட்டேன். பிறகு எனக்குத் தெரிந்த வாத்தியார்களை நினைத்துப் பார்த்து, திரும்ப எழுதினேன்.)

3

மூட்டு வலி அப்படியே இருந்தது. நாற்பத்தோராம் நாள் விலாவில் வேறொரு வலி வந்தது. ஸ்கேனில் சிறுநீரகக் கல். தினச் சாப்பாட்டை விசாரித்தபோது கீரை வெளியே வந்தது.

"கல்லு இருக்கிற உடம்புக்கு தினமும் இந்தக் கீரையா? யாரும்மா சொன்னது?" என்று டாக்டர் கத்தினார்.

ஷம்ஷாத் கணவரைப் பார்த்தாள். வலியுல்லா மின்விசிறியைப் பார்த்தார்.

வெளியே வந்ததும் அவள் ஆட்டோவை நிறுத்தினாள். "தி.நகர் போப்பா. அந்த ஹக்கீமை நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கணும்."

ஒரு பாவமும் அறியாத மனிதர் ஹக்கீம். உண்மையைச் சொன்னால் மனைவியிடம் வலியுல்லாவுக்கு இருந்த முப்பத்தோரு வருட மரியாதை இப்போதே போகும். சொல்லாவிட்டால் இருபது நிமிடம் கழித்து, ஹக்கீம் முன்னால் போகும்.

4

முடிவு ஒன்று: ஹக்கீம் வெளியூர் போயிருக்கிறார். (கோழைத்தனம். வாத்தியாருடையதல்ல, என்னுடையது.)

முடிவு இரண்டு: வழியில் ஆட்டோ பஞ்சராகி — இதெல்லாம் ஒரு பிழைப்பா?

லஸ் சிக்னலில் ஆட்டோ நின்றது. வலியுல்லா என்னைக் கேட்காமலே பேசிவிட்டார்.

"ஷம்ஷாத்... ஹக்கீம் ஒண்ணுமே சொல்லல. நாந்தான்."

"தெரியும். மூணாம் நாளே அவருக்கு போன் போட்டேன். கீரையா, நான் எங்கம்மா சொன்னேன்னாரு."

"அப்புறம் எதுக்கு சாப்ட்டே?"

"இன்னா பண்றது? கல்யாணம் ஆனதுலேர்ந்து நீங்க எனக்காக அடுப்புகிட்ட வந்து நின்னது அந்த நாப்பது நாள்தான். வேணாம்னா திரும்ப புஸ்தகத்துக்குள்ள போயிடுவீங்க."

அவர் ஸ்கேன் கவரை மடித்து மடித்துப் பிரித்தார்.

"கல்லு கெடக்குது, வுடுங்க. வலி போனப்புறமும் அடுப்புகிட்ட வருவீங்களா, மாட்டீங்களா?"

5

அவர் பதிலை ஏழு தடவை எழுதிக் கிழித்தேன். ஏழும் என் வீட்டில் நான் சொல்லாமல் விட்டவையாகவே வந்தன. எனவே நீங்கள்தான் சொல்ல வேண்டும். சிக்னலில் இன்னும் பன்னிரண்டு நொடி இருக்கிறது. அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.