வறண்ட போருக்கு இரண்டு லோடு

எண்பத்தேழாம் வருடக் கோடையில் சிலமலை ஊரே அன்னக்கொடியின் தோட்டத்தில் வேடிக்கை பார்க்கக் கூடியது. கிணறுகளெல்லாம் தரைதட்டிக் கிடக்க, அவள் இரண்டு டேங்கர் லோடு தண்ணீரைத் தன் வறண்ட ஆழ்துளைப் போருக்குள் விடப்போகிறாள்.

“காஞ்ச பாறைக்குத் தண்ணி காட்டுறவள இப்பத்தான் ஆத்தா பாக்குறேன்” என்றார் பக்கத்துத் தோட்டத்து உக்கிரபாண்டி.

“நல்லாப் பாத்துக்கோங்க சித்தப்பா.”

இந்தப் போரும் கைவிட்டால் இருநூறு தென்னங்கன்றுகள் ஆடிக்குள் கருகிவிடும். ஆனாலும் அவளுக்குப் பதற்றமில்லை. போர் போட்ட அன்று, இருபது அடிக்கு ஒரு குவியலாகக் கல்தூளைக் கொட்டி வைத்திருந்தார்கள். எல்லாம் சாம்பல் நிறம். நூற்றிருபதாவது அடித் தூளில் மட்டும் துருச்சிவப்பு. அதை வெகுநேரம் விரலில் நெருடியபடி உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் நடமாடாத கல் துருப்பிடிக்காது. வழி இருக்கிறது; அடைபட்டுக் கிடக்கிறது.

அடைபட்ட வழியைத் தண்ணீர் அழுத்தத்தால் திறக்கும் பம்பு லாரியோடு போடியிலிருந்து வந்த கலீபுல்லா, துளையை இறுக்கி மூடும் ரப்பர் அடைப்பை நூற்றைம்பது அடியில் இறக்குவதாகச் சொன்னார்.

“வேணாம் பாய். நூத்திப்பத்துல நிறுத்துங்க. செவப்பு அதுக்குக் கீழதான்.”

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் சம்மதித்தார்.

பம்பு உறுமியது. அடைப்புக்குக் கீழே தண்ணீர் திணறத் திணற அழுத்தமானியின் முள் ஏறிக்கொண்டே போய், சட்டென்று பாதிக்கு விழுந்தது.

“போச்சு, ரப்பர் வெடிச்சிருச்சு!” என்றார் உக்கிரபாண்டி.

“வெடிச்சது பாறை அண்ணே” என்று சிரித்தார் கலீபுல்லா. “விரிசல் வாயத் தெறந்துருச்சு.”

இரண்டு லோடும் உள்ளே போனபின் அடைப்பை எடுத்துவிட்டுத் தண்ணீரை வெளியே இறைத்தார்கள். குபுகுபுவென்று கொட்டியதும் பெண்கள் குலவையிட்டார்கள். அன்னக்கொடி மட்டும் கலீபுல்லாவிடம் திரும்பினாள்.

“நம்ம விட்டது வெளிய வர எம்புட்டு நேரமாகும் பாய்?”

“ரெண்டு மணி நேரம். அதுக்குமேல வர்றதுதான் ஒங்க தண்ணி.”

இரண்டு மணி நேரத்தில் நீர் விரல் கனத்துக்கு இளைத்தது. கூட்டம் கலைந்தது. உக்கிரபாண்டி துண்டை உதறித் தோளில் போட்டார். “குடுத்ததத் திருப்பிக் குடுத்துருச்சு, அவ்வளவுதான்.”

அவள் குழாயையே பார்த்து நின்றாள். கால்மணி நேரம் போனது. குழாய் செருமியது. மணலும் சேறுமாகத் துப்பியது. பிறகு மணிக்கட்டுக் கனத்துக்குத் தெளிந்த நீர் விழ ஆரம்பித்து, வெயில் குரங்கணி மலைக்குப் பின்னால் இறங்கும்வரை குறையவே இல்லை.

“சும்மா நிக்காதீக சித்தப்பா” என்று மண்வெட்டியை நீட்டினாள் அன்னக்கொடி. “வெரசா வாய்க்கால வெட்டி விடுங்க. கடைசி வரிசைக்குப் போகட்டும்.”

அவர் வேட்டியை மடித்துக் கட்டினார்.