ஆற்றுக்கு அந்தப் பக்கத்து நாற்காலி

கோடைக்கால ஞாயிறுகளில் எங்கள் ஊர் வாத்தியக் குழு ஆற்றங்கரை மண்டபத்தில் வாசிக்கும். நாங்கள் காரை மேப்பிள் மரத்தடியில் நிறுத்திக் கண்ணாடிகளை இறக்கிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்போம். எக்காளச் சத்தம் தண்ணீரில் நனைந்து, கனம் கூடி, மெதுவாக வந்து சேரும். அந்த மண்டபத்தைக் கட்டியது எங்கள் குடும்ப அறக்கட்டளை. அதனால்தான் நாங்கள் உள்ளே போவதில்லை.

மிசிசிப்பி ஆற்றுச் சிப்பியில் சட்டைப் பொத்தான் செய்து பணம் சேர்த்தவர் என் கொள்ளுத் தாத்தா ஹோல்ட்காம்ப். அறக்கட்டளை தொடங்கியபோது ஒரு விதி எழுதிவைத்தார். கொடுத்ததை ஹோல்ட்காம்ப் வீட்டார் அனுபவிக்கக் கூடாது. நூலகம், பள்ளியின் புதுக் கட்டடம், பல் மருத்துவமனை எல்லாவற்றிலும் எங்கள் பெயர் இருக்கிறது, நாங்கள் இல்லை. பல் வலித்தால் ஆற்றுப் பாலம் தாண்டி அடுத்த மாநிலமான இல்லினாய்ஸ் பக்கம் போவோம். பள்ளிக்கூடமும் எனக்கு அந்தப் பக்கம்தான். அங்கே வருகைப் பதிவில் என் பெயரைக் கூப்பிடும்போது குரல் தொண்டையிலேயே நின்றுவிடும். பதினாறு வயதில் போவதை விட்டுவிட்டேன்.

அந்த வருடம்தான் அப்பாவின் சிறுநீரகங்கள் ஓய்ந்தன. ஊர் டயாலிசிஸ் நிலையத்துக்கும் எங்கள் அறக்கட்டளைக்கும் சம்பந்தமில்லை. அதனால் அங்கேயே அவருக்கு நாற்காலி கிடைத்தது. திங்கள், புதன், வெள்ளி, நான்கு நான்கு மணி நேரம். கார் ஓட்டுவது என் வேலை. முதல் மாதங்களில் அப்பா வீடு திரும்பியதும் கோட்டைக்கூடக் கழற்றாமல், "போதும் டெல்லா, இனி போக வேண்டாம்" என்பார். ஒவ்வொரு முறையும் அதையே சொல்வார்.

பிறகு நெடீன் ப்ரூயிட் அங்கே கதை படிக்க ஆரம்பித்தார். அவர் கணவர் அந்த அறையில் மூன்றாவது நாற்காலியில் இரண்டு வருடம் இருந்து இறந்துபோனவர். அவர் போன பிறகும் நெடீன் வருவதை நிறுத்தவில்லை. நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, தானே எழுதிய கதையை உரக்கப் படிப்பார். ஆற்றுத் தீவுகளில் கப்பல்களுக்கு விளக்கேற்றிவைக்கும் ஒருத்தியின் கதை. இயந்திரங்கள் முனகும். சூடேற்றிய போர்வைகளுக்குள் பன்னிரண்டு பேர் கண்மூடிக் கிடப்பார்கள். அந்தப் பெண் படகைத் தள்ளும்போது பன்னிரண்டு நாற்காலிகளும் கரையைவிட்டு நகர்வது போலிருக்கும். அப்பா "போதும்" என்று சொல்வது நின்றது.

அக்டோபரில் நெடீன் ஊரைவிட்டுப் போகப்போவதாகச் சொன்னார். மிசௌரியில் அவர் தங்கை பேக்கரி வைத்திருந்தாள், சம்பளத்தோடு வேலை. "கதை படிச்சா வயிறு நிறையுமா, சொல்லு" என்று சிரித்தார். அவர் சிரித்தது எனக்குக் கேட்டது. அப்பாவுக்குக் கேட்டிருக்கக் கூடாதே என்று நினைத்தேன்.

அப்பா உடம்பு முடியாமல் விட்டுக்கொடுத்த அறக்கட்டளைக் குழு இடம் பதினெட்டு வயதானதும் எனக்கு வந்திருந்தது. முதல் கூட்டத்துக்கு ஒரு தாளில் எழுதி எடுத்துப் போனேன். டயாலிசிஸ் நிலையத்தில் வாசிப்பு, படிப்பவருக்குக் கூலி. வாய்விட்டுப் படிக்க முடியாமல் தாளை கிரெட்சன் அத்தையிடம் நீட்டினேன். அத்தை மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்து முடித்தார்.

வால்ட் சித்தப்பா தலையைச் சொறிந்தார். "இது கல்வியா, வைத்தியமா, கலையா? எந்தக் கோப்புல போடறது?"

"மூணுலயும் போடு. எதுலயாவது ஒட்டிக்கும்" என்றார் அத்தை.

எங்கள் வீட்டில் ஓட்டு பொத்தானில்தான். துளையிட்டது சம்மதம். துளையில்லாதது மறுப்பு, ஒன்று விழுந்தாலும் கோரிக்கை போச்சு. துணிப்பைக்குள் கையை விட்டு மூன்று பேரும் போட்டோம். அத்தை பையைக் கவிழ்த்தார். மூன்றிலும் துளை.

எனக்குக் காது சூடானது. சித்தப்பா என் தோளைத் தட்டினார். "ஊமைக் கோட்டான் மாதிரி இருந்துட்டு முதல் தடவையே ஜெயிச்சிட்டியே." பிறகு அவர் கை தோளிலேயே நின்றது. "இரு. அண்ணன் அங்கதானே படுத்திருக்காரு?"

அதுவரை அது எனக்குத் தோன்றவே இல்லை.

"யாரு பாக்கப் போறா கிரெட்சன்? ஒரு ஓரமா அவரும் கேட்டுட்டுப் போகட்டுமே" என்றார் சித்தப்பா.

"நாப்பது வருஷமா அந்த வாத்தியத்தைக் காருக்குள்ள உக்காந்து கேக்கறேன் வால்ட். எனக்கு உள்ள போக ஆசை இல்லேன்னு நெனச்சியா?" அத்தை என் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியது. "கையெழுத்துக்கு வியாழக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கு கண்ணு. வேணாம்னா எடுத்துடு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

எடுத்துவிட்டால் நெடீன் போய்விடுவார். யாருக்கும் கதை இல்லை. எடுக்காவிட்டால் பதினோரு பேருக்குக் கதை இருக்கும், அப்பாவுக்கு இருக்காது. வீட்டுக்கு வந்து சமையலறை மேசையில் தாளை வைத்தேன்.

அப்பா படித்தார். "இதை எழுதறப்போ நான் உன் ஞாபகத்துல இல்லியா?"

"நீங்க மட்டும்தான்பா இருந்தீங்க. அதான் தப்பாயிடுச்சு. நான் எடுத்துடறேன்."

அவர் ஜன்னலைப் பார்த்தார். வெளியே ஆறு இருக்கும் இடத்தில் பனிமூட்டம் மட்டும் இருந்தது. "எனக்கு எதிர்ல இருக்காளே ஆர்லீன், தபால் நிலையத்துக்காரி. கதை நடக்கறப்போ ஊசி குத்தினது அவளுக்குத் தெரியறதே இல்ல, பாத்திருக்கியா?" என்றார். பேனாவை என் பக்கம் உருட்டினார். "போடு."

அப்பா மாறிப்போன இல்லினாய்ஸ் நிலையத்தில் செவ்வாய், வியாழன், சனி. அங்கே ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு தொலைக்காட்சி. எல்லாவற்றிலும் வானிலை அறிக்கை. அப்பா கூரையின் ஓடுகளைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். ஒரு வியாழக்கிழமை திரும்பி வந்ததும் கோட்டோடு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சனிக்கிழமை வேணாம் டெல்லா."

பழைய குரல்தான். ஆனால் இந்த முறை கோபம் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

மறுநாள் தனியாக ஊர் நிலையத்துக்குப் போனேன். உள்ளே போக எனக்கும் உரிமை இல்லை. பின்பக்கம் போர்வை சூடேற்றும் அறையின் ஜன்னல் ஒரு சாண் திறந்திருக்கும். அதன் கீழே நின்றேன். நெடீனின் குரல் நீராவியோடு வந்தது. பாதி கேட்டது, பாதி இயந்திரச் சத்தத்தில் மூழ்கியது. விளக்குக்காரி ஏழாவது தீவுக்குப் படகு விட்டாள். அங்கே யாரோ ஏற்கெனவே விளக்கேற்றியிருந்தார்கள். யார் என்று சொன்ன வரி எனக்குக் கேட்கவில்லை. காலணிக்குள் விரல்கள் மரத்துப்போகும் வரை நின்றேன்.

சனிக்கிழமை காலை அப்பா உடை மாற்றாமல் காபியோடு உட்கார்ந்திருந்தார். கார்ச் சாவியை எடுத்தேன்.

"வேணாம்னு சொன்னேனே."

"சரிப்பா." கதவருகே நின்றேன். "விளக்குக்காரி ஏழாவது தீவுக்குப் போயிட்டா."

அவர் கோப்பையை வைத்தார். "எப்போ?"

"நேத்து. அவ போறதுக்கு முன்னாடியே அங்க விளக்கு எரிஞ்சிட்டிருந்தது."

"யாரு ஏத்தினது?"

"கார்ல சொல்றேன்."

என்னை உற்றுப் பார்த்தார். "திருட்டுக் கழுதை" என்றார். கோட்டைத் தேடினார்.

பாலத்தில் பனி அடர்ந்திருந்தது. முன்னே போன லாரியின் சிவப்பு விளக்கு மட்டும் மிதந்து போனது. வெள்ளிக்கிழமை கேட்டதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். பாலத்தின் நடுவுக்கு வரும்போதே அது தீர்ந்துவிட்டது. கீழே ஆறு தெரியவில்லை. அப்பா காத்திருந்தார். நான் வாய் திறந்தேன். தீவில் ஒரு கிழவன் இருந்தான் என்றேன். அவன் நனைந்த சட்டையில் ஒரு பொத்தான்கூட இல்லை என்றேன்.

அப்பா நாற்காலியில் படுத்த பிறகும் சொல்லிக்கொண்டிருந்தேன். செவிலி ஊசியோடு வந்தபோது கூச்சத்தில் நிறுத்தினேன்.

பக்கத்து நாற்காலியில் எனக்குப் பெயர் தெரியாத பெரியவர் ஒருவர் இருந்தார். தன் தொலைக்காட்சியின் சத்தத்தை முழுவதும் குறைத்தார். "அந்தக் கிழவனுக்குக் குளிருமே, அவ என்ன பண்ணினா?" என்றார்.

எனக்கும் அது தெரியவில்லை. அப்பா கண்ணை மூடியபடியே நாற்காலியில் கொஞ்சம் நகர்ந்து, நான் உட்கார இடம் விட்டார்.