ஜோடிக்கு மட்டும்

பாலைவனத்துக்கு வா என்று எங்களை யாரும் கூப்பிடவில்லை. அயோவாவில் வீடு போன பிறகு எங்களிடம் மிஞ்சியது ஒரு டிரெய்லர் வீடும் அதை இழுக்கிற பிக்கப் வண்டியும்தான். அரிசோனாவில், டிரெய்லர் வீடுகளை வாடகைக்கு நிறுத்த விடுகிற ஒரு பார்க்கில் வேலைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று லைல்தான் எங்கிருந்தோ கண்டுபிடித்தான். லைல் என் கணவன். டிரெய்லரை நிறுத்த வாடகையில்லாமல் ஓர் இடம், மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் இணைப்பு. அதற்கு ஈடாக இருவரும் வேலை செய்ய வேண்டும். விளம்பரத்தின் கடைசி வரியை அவன் உரக்க வாசித்தான்: ஜோடிக்கு மட்டும்.

“நீ எனக்கு எதுக்குப் பிரயோஜனம்னு நாப்பது வருஷமா யோசிச்சிட்டு இருந்தேன் கிழவி. இப்பத்தான் தெரியுது.”

“எனக்கு இன்னும் தெரியல,” என்றேன்.

பார்க்கை நடத்தியவள் ரோண்டா. எல்லோரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவாள், திட்டும்போதும். குழாய்கள், மின்பெட்டிகள், சரளைக்கல்லை வாரிச் சமப்படுத்துவது லைலுக்கு. பொதுக் குளியலறை, துணி துவைக்கும் அறை, வருகிறவர்களுக்கு இடம் காட்டுவது எனக்கு. குளிர்காலத்தில் வடக்கிலிருந்தும் கனடாவிலிருந்தும் ஓய்வுபெற்றவர்கள் வண்டி வண்டியாக வந்து இறங்குவார்கள். வெயில் ஏறத் தொடங்கியதும் ஒரே வாரத்தில் பார்க் காலியாகிவிடும். அதற்கப்புறம் போக்கிடம் இல்லாதவர்கள் மட்டும் இருப்போம்.

அயோவாவில், குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் உலைகளில் ஊரில் பாதியைப் பழுது பார்த்தவன் லைல். ஆனால் டிரெய்லரில் வாழத் தெரியவில்லை. டிரெய்லருக்கு அடியிலிருக்கிற மலத்தொட்டியின் வால்வை மூடியே வைத்திருக்க வேண்டும், நிரம்பிய பிறகுதான் திறந்துவிட வேண்டும். இவன் இணைப்புக் கொடுத்த அன்றே திறந்துவிட்டு மறந்துவிட்டான். தண்ணீரெல்லாம் ஓடிப்போக, மற்றது உள்ளேயே காய்ந்து மேடு கட்டி நின்றது. கடைசி வரிசையிலிருந்து ஆர்வில் என்பவர் நீளக் கம்பியோடு வந்தார். பழைய லாரி டிரைவர். மனைவி மேக்சீன் நாங்கள் வருவதற்கு முன்பே இறந்திருந்தாள்.

“புதுசா வர்றவங்க எல்லாரும் இந்தக் கோபுரத்தைக் கட்டித்தான் ஆகணும்,” என்றார். “உங்களுது கொஞ்சம் உசரம். அவ்வளவுதான்.”

அன்று மூக்கைப் பொத்திக்கொண்டு மூவரும் சிரித்தோம்.

மெல்லப் பழகிக்கொண்டோம். தேளுக்குப் பயந்து, செருப்பை உதறாமல் கால் நுழைப்பதில்லை. கார்க் கதவை வெறுங்கையால் தொடுவதில்லை. கோடையில் குளிர்ந்த நீர்க் குழாயைத் திறந்தால் மண்ணுக்குள் வெந்த நீர்தான் கொட்டும். அதனால் டிரெய்லருக்குள் இருக்கிற கொதிகலனை அணைத்துப் போட்டு, அதில் தேங்கி ஆறிய நீரை வெந்நீர்க் குழாய் வழியாகப் பிடித்துக் குளிப்போம். இதையெல்லாம் கற்றுக்கொண்டதில் லைலுக்கு ஒரு பெருமை. இனி நம்மை எந்த வெயிலும் ஒன்றும் செய்யாது என்றான்.

இரண்டாவது கோடையில், ஜூலை மாதம், கடைசி வரிசையில் ஒரு மின்பெட்டியைப் பார்க்கப் போனவன் சாப்பாட்டுக்கு வரவில்லை. தேடிப் போனேன். பெட்டியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். தொப்பி முகத்தை மறைத்திருந்தது. தூங்குகிறான் என்றுதான் நினைத்தேன்.

“எழுந்திரு, சாப்பாடு ஆறுது,” என்றேன்.

அந்த வெயிலில் எதுவும் ஆறாது. அதைச் சொல்லிக் கேலி செய்ய அவன் எழுந்திருக்கவில்லை.

சாம்பலை ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் கொடுத்தார்கள். சாப்பாட்டு மேசைக்கு மேலிருந்த அலமாரியில், தானிய டப்பாக்களைத் தள்ளிவிட்டு அதை வைத்தேன்.

ரோண்டா பீன்ஸும் பாலாடைக்கட்டியும் போட்டுச் சுட்ட பண்டத்தை ஒரு தட்டில் எடுத்து வந்தாள். அழுதாள். என் கையைப் பிடித்துக்கொண்டே விஷயத்துக்கு வந்தாள்.

“ஓனர் பீனிக்ஸ்லருந்து போன் பண்ணாரு கண்ணு. அக்டோபர்ல ஆளுங்க வர்றதுக்குள்ள ஒரு ஜோடி வேணுமாம்.”

“ரெண்டு பேர் வேலையும் நான் செய்றேன் ரோண்டா.”

“செய்வீங்க. உங்களைத் தெரியாதா எனக்கு?”

“அப்புறம் என்ன?”

“முதல்ல செஞ்சு பாருங்க,” என்றாள், கதவைப் பார்த்துக்கொண்டே.

செய்தேன். அவனுடைய கையுறைகள் எனக்குப் பெரியவை. நனைத்துப் போட்டுக்கொண்டால் கொஞ்சம் பிடிக்கும், ஸ்பேனரின் சூடும் ஏறாது. காற்று அடித்தால் எந்த வரிசையில் முதலில் மின்சாரம் போகும் என்று தெரிந்துகொண்டேன். விடிவதற்கு முன்பே குழாய் வேலை, வெயில் ஏறியதும் குளியலறைகள். சாயங்காலம் வந்து படுத்தால் கூரையில் குளிரூட்டி இரைந்துகொண்டே இருக்கும். அந்த இரைச்சலுக்குள் அவன் ஏதோ முணுமுணுப்பதுபோல இருக்கும். அணைத்துவிட்டுக் கேட்கலாம் என்றால் சில நிமிடங்களில் டிரெய்லர் அடுப்பாகிவிடும். அதனால் ஒருநாளும் அணைத்துப் பார்க்கவில்லை.

செப்டம்பரில் ரோண்டாவின் அலுவலகத்துக்குப் போனேன்.

“ஒரு குறை சொல்லுங்க.”

“ஒண்ணும் இல்ல கண்ணு. பார்க் இவ்வளவு சுத்தமா இருந்ததே இல்ல. ஆனா நீங்க விழுந்தா தூக்க யாரு? அதைத்தான் ஓனர் கேக்குறாரு. இந்தப் பார்க்குக்குள்ள இன்னொரு ஆம்புலன்ஸ் வரக் கூடாதாம்.”

“நான் விழமாட்டேன்.”

“லைலும் அப்படித்தானே சொன்னாரு,” என்றாள். சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

மற்ற பார்க்குகளுக்குப் போன் செய்தேன். பத்து வயதைத் தாண்டிய டிரெய்லர் வண்டியை எவரும் உள்ளே விடுவதில்லை. பழைய வண்டி நின்றால் பார்க்கின் அழகு கெட்டுவிடுமாம். எங்களுடையது அதைப்போல இரண்டு மடங்கு கிழம். வேலையாட்கள் என்பதால் ரோண்டா கண்டுகொள்ளாமல் இருந்தாள்.

“போட்டோ அனுப்புங்க, பார்க்கலாம்,” என்றாள் ஒருத்தி.

“என் போட்டோவா?”

“ஐயோ, வண்டி போட்டோம்மா.”

“வண்டியைவிட எனக்குத்தான் வயசு ஜாஸ்தி. அதை யாருமே கேக்க மாட்டேங்கிறீங்க.”

சிரித்துவிட்டு வைத்துவிட்டாள். சாலைக்கு அந்தப்பக்கம் அரசு நிலம் இருந்தது. யார் வேண்டுமானாலும் நிற்கலாம். தண்ணீர் கிடையாது, மின்சாரம் கிடையாது. கோடையில் அங்கே நிற்பது சாவதற்கு நேரம் குறிப்பதுபோலத்தான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அயோவாவில் என்னை வைத்துக்கொள்ளவும் யாரும் இல்லை.

அப்போதுதான் ஆர்வில் வந்தார். நான் ஒரு குழாயடியில் மண்டியிட்டிருந்தேன்.

“வெர்னா, ஒண்ணு சொல்லணும். கையில இருக்குற ஸ்பேனரை முதல்ல கீழ வைங்க.”

“சொல்லுங்க.”

“நாம ரெண்டு பேரும் ஜோடின்னு சொல்லிடலாம்.”

“யார்கிட்ட?”

“ரோண்டாகிட்டதான். சாமிகிட்ட இல்ல.”

எங்கள் மத்தியில் இது புதிதில்லை. துணையைப் பறிகொடுத்த இருவர் ஜோடி என்று பேர் கொடுத்துவிட்டு எத்தனையோ பார்க்குகளில் வேலை செய்கிறார்கள். யாரும் பதிவு அலுவலகத்தில் போய் விசாரிப்பதில்லை.

“உங்களுக்கு இதுல என்ன லாபம்?”

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் சுழற்றினார். “போன மாசம் குளிக்கப் போய் விழுந்துட்டேன். பொழுது சாயுற வரைக்கும் தரையிலயே கிடந்தேன். நீங்க பேசக்கூட வேணாம். பக்கத்துல யாராவது சட்டி உருட்டுனா போதும்.”

“குறட்டை விடுவீங்களா?”

“விடுவேன்னு மேக்சீன் சொல்வா. நான் கேட்டதில்ல.”

லைல் போன பிறகு நான் சிரித்தது அன்றுதான். சிரிப்பு முடிவதற்குள் அவர் தரையைப் பார்த்துச் சொன்னார்: “ஆனா ஒரு ஜோடிக்கு ஒரு இடம், ஒரு வண்டிதான். என்னுது புதுசு.”

அப்படியென்றால் போக வேண்டியது என் டிரெய்லர். அதை அவர் சொல்லத் தேவையில்லை. நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிப்பதற்கு எதுவும் இருக்கவில்லை.

ரோண்டாவிடம் சொன்னபோது அவளுக்கு எல்லாம் புரிந்தது. “எனக்குக் கல்யாணச் சான்றிதழ் வேணாம் கண்ணு. ரெண்டு தலை போதும்,” என்று என்னைக் கட்டிக்கொண்டாள்.

டிரெய்லரை வாங்க ஆளில்லை. பழைய இரும்புக்காரன் ஒருவன் இனாமாகக் கொடுத்தால் இழுத்துப் போகிறேன் என்றான். அவன் வருகிற நாளன்று மேசைக்கு அந்தப்பக்கம், லைல் உட்காருகிற பக்கம் போய் உட்கார்ந்தேன். இத்தனை வருடத்தில் அந்தப் பக்கம் உட்கார்ந்ததே இல்லை. மெத்தை அவன் பாரத்துக்கு அமுங்கியிருந்தது. அங்கிருந்து பார்த்தால் அடுப்படியும் நான் நிற்கிற இடமும் மட்டும்தான் தெரியும், ஜன்னல்கூடத் தெரியாது. இதைத்தான் அவன் தினமும் பார்த்துக்கொண்டு சாப்பிட்டிருக்கிறான்.

வெயிலில் வெடித்த டயர்களோடு அது பார்க் வாசலைத் தாண்டிப் போனது. கழற்ற மறந்த திரைச்சீலை ஒன்று ஜன்னலுக்கு வெளியே அடித்துக்கொண்டிருந்தது. நான் கையசைக்கவில்லை. யாருக்கு அசைப்பது?

ஆர்வில் தன் அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து வைத்திருந்தார். அங்கே ஏற்கெனவே ஒரு பெட்டி இருந்தது, லைலுடையதைப் போலவே.

“மேக்சீனைக் கொஞ்சம் ஓரமா நகர்த்தியிருக்கேன்,” என்றார். “ரெண்டு பேருக்கும் இடம் இருக்கு.”

அவருடைய டிரெய்லரை வேலையாட்களின் இடத்துக்கு இழுத்து வந்து நிறுத்தினோம். கதவருகே ஒரு மரப்பலகை தொங்கியது. எல்லா வண்டிகளுக்கும், பேரும் ஊருமாக, அப்படி ஒன்று இருக்கும். எழுத்துகளைச் சூட்டுக்கோலால் எழுதியிருந்தார்கள்: ஆர்வில், மேக்சீன், ஐடஹோ. அவர் ஸ்குரூ டிரைவரோடு அதன் முன்னால் நின்றார்.

“கழட்டிடவா?”

“இருக்கட்டும்.”

அதற்காகவே காத்துக்கொண்டிருந்தவர்போல உடனே ஸ்குரூ டிரைவரைப் பையில் போட்டுக்கொண்டார்.

அக்டோபரில் ஆட்கள் வந்தார்கள். வேலை ஒழுங்காக நடந்தது. ஒரு காலையில் நாங்கள் இருவரும் ஒரு குழாயைத் தோண்டிக்கொண்டிருந்தோம். மின்னசோட்டாவிலிருந்து புதிதாக வந்த ஒரு பெண் தலையில் துண்டோடு எங்கள் டிரெய்லருக்குப் போய், பலகையைப் பார்த்துவிட்டு, எங்களைத் தேடி வந்தாள்.

“மேக்சீன்! நீங்கதானே மேக்சீன்? குளியலறைல சுடுதண்ணி வரலீங்க.”

ஆர்விலின் மண்வெட்டி நின்றது. அவர் நிமிரவில்லை. இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு சொல் போதும். அதற்குப் பிறகு யார் மேக்சீன், எங்கே மேக்சீன் என்று அவள் கேட்பாள். அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அதற்கப்புறம் நான் யார் என்று கேட்பாள்.

“ஆமா, நான்தான்,” என்றேன். “இதோ வர்றேன்.”

அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் என்னை அப்படித்தான் கூப்பிட்டாள். அவளைக் கேட்டு மற்றவர்களும். ரோண்டாவுக்கு எப்போதும் நான் கண்ணுதான். வெர்னா என்று கூப்பிட்டது ஆர்வில் ஒருவர்தான், அதுவும் உள்ளே வந்து கதவைச் சாத்திய பிறகு, வெளியில் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல மெதுவாக.