ருஷ்ய தேசத்துப் பிளேட்டு

"அந்தப் பாட்டுப் பிளேட்ட ஒருக்கா வையுங்க மச்சான். காதுல கேட்டுப்போட்டா எங்களுக்கும் ஒரு திருப்தி" என்றார் மோகனூர் வெங்கடாசலம். மகனுக்குப் பெண் கேட்டு வந்தவர் கேட்கிற கேள்வியா இது என்று எனக்குச் சுருக்கென்றது. மோர்ச் செம்பை அவர் இன்னும் தொடக்கூட இல்லை. கூட வந்த பெண்டுகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மகள் மயிலம்மாள் சமையல்கட்டுக் கதவோரம் நின்றாள். என் பெண்சாதி காளியாத்தாள் என்னை முறைத்த முறைப்பில் வந்த வினையெல்லாம் உங்களால்தான் என்பது தெளிவாக எழுதியிருந்தது.

வினை ஏற்காட்டில் தொடங்கியது. ஒரு தோட்டத் துரை சீமைக்குத் திரும்புகிறார், பங்களாச் சாமான்களெல்லாம் ஏலத்துக்கு வருகின்றன என்று கேள்விப்பட்டு, அவருடைய சீமைப் பசுவைப் பிடித்து வரத்தான் மலையேறினேன். நான் போய்ச் சேருவதற்குள் பசு கைமாறிவிட்டது. வெறுங்கையோடு இறங்க ரோஷமாக இருந்ததால் கிராமபோன் பெட்டியையும் ஒரு கூடைப் பிளேட்டுகளையும் ஏலம் கேட்டு எடுத்து வந்தேன். வைத்துப் பார்த்தால் எல்லாம் வெள்ளைக்காரர்களின் கூத்துப் பாட்டு. ஊரே வந்து சிரித்துவிட்டுப் போனது. அடியில் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தது. துரைசானி ருஷ்ய தேசத்துக்காரி, அது அவள் கோயில் பாட்டு, அவள் செத்த பிறகு யாரும் அதைத் தொட்டதில்லை என்று பங்களா பட்லர் சொல்லியிருந்தான்.

அதில் மேளமில்லை, குழலில்லை, நரம்புக் கருவி ஒன்றுமில்லை. வெறும் தொண்டைகள். அடியில் ஆண்பிள்ளைகள் சிலர் தரையோடு தரையாகப் பிடித்து நிற்க, அதன் மேல் வேறு குரல்கள் ஒவ்வொன்றாக வந்து உட்காரும். யாருக்கும் அவசரமில்லை, யாரும் தன் குரலை எடுத்துக் காட்டவும் இல்லை. நடுவில் ஓரிடத்தில் எல்லாம் நின்றுபோய், அத்தனை பேரும் சேர்ந்து மூச்சு இழுக்கிற சத்தம் கேட்கும். பாட்டைவிட அந்த மூச்சுக்காகத்தான் நான் திரும்பத் திரும்பச் சாவி கொடுத்தேன். எங்கேயோ பனியில் நின்றுகொண்டு பாடிய மனுஷர்கள் என் வீட்டுக்குள் மூச்சு விடுகிறார்கள்! இதை யாரிடமாவது சொல்ல வேண்டும், கேட்டவர் ஆமாம் என்று சொல்ல வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. அந்த ஒரு ஆமாம் இந்தச் சீமையில் யாரிடமும் கிடைக்கவில்லை.

காளியாத்தாள் முதல் நாளே சொல்லிவிட்டாள். "எழவு ஊட்டுல நாலு பேரு கூடி அழுவறாப்பல இருக்குது. வெளக்கு வெச்ச ஊட்டுல இதப் போடாதீங்க." நாமக்கல்லில் நாயனம் வாசிக்கிறவர் ஒருவரைக் கூட்டிவந்து கேட்க வைத்தேன். அவர் தொடையில் தாளம் தேடித் தேடிப் பார்த்து, அகப்படாமல் எழுந்து போனார். கடைசியில் மிஷன் பாதிரியாரிடம் போய் நின்றேன். அவர் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் குதிரைவண்டியில் என் வீட்டுக்கே வந்து, தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றபடி கேட்டார். கண் கலங்கியிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் பூரித்தது. பிளேட்டு நடுவிலிருந்த காகிதத்தைப் படித்து, வெல்யானவ் என்று ஒருவர் இந்தப் பாட்டைக் கட்டியிருக்கிறார், தன்னிடமுள்ள சங்கீதப் புஸ்தகங்கள் எதிலும் இந்தப் பெயர் இல்லை என்றார். பிறகு என் தோளில் கை வைத்தார்.

"சின்னுசாமி, கர்த்தர் உம்மை அழைக்கிறார்."

என்னை யாரும் அழைக்கவில்லை, நான்தான் அந்தக் குரல்களை அழைத்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். பெரிய மனுஷரிடம் எப்படிச் சொல்வது? அடுத்த ஞாயிறும் வந்தார், அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். குதிரைவண்டி என் வாசலில் நின்றதே ஊருக்குப் போதுமானதாக இருந்தது. சின்னுசாமி கிறிஸ்து வேதத்தில் சேர்ந்துவிட்டான் என்று பேச்சு கிளம்பி, காவிரிக்கரையில் மோகனூர் வரைக்கும் போய், பெண் கேட்டு வந்தவர் வாயிலிருந்து திரும்பி வந்து நிற்கிறது.

பிளேட்டை வைத்தேன். புது முள்ளாகப் பார்த்துப் போட்டேன். இத்தனைக்குப் பிறகும், இவர்களில் ஒருவர் தலையாவது அசையாதா என்று என் கண் அலைந்தது. மூச்சு வருகிற இடத்தில் ஒரு பெண்பிள்ளை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிளேட்டு முடிந்து கரகரவென்று சுற்றிய பிறகுதான் வெங்கடாசலம் பேசினார்.

"புள்ளயப் பத்தி ஒரு கொறையும் இல்லீங்க மச்சான். ஆனா தாலி கட்டற ஊட்டுல இந்தச் சத்தம் ஆவாதுங்களே."

எனக்கு வீம்பு தலைக்கேறிவிட்டது. "நீங்களும் நானும் எதுக்குங்க சொல்லோணும்? ஆத்தாளக் கேட்டுப்போடலாம்" என்றேன். குலதெய்வத்தின் முன்னால் பூக்கேட்டுவிட்டால் எங்கள் பக்கத்தில் அதற்குமேல் பேச்சில்லை. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனி இலையில் பொதிந்து அம்மன் காலடியில் போட்டு, பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. மறுநாளே இரண்டு வீட்டாரும் செல்லாண்டியம்மன் கோயிலில் கூடினோம். இந்தப் பாட்டு என் வீட்டில் இருக்க ஆத்தாளுக்குச் சம்மதமா என்று கேட்டேன். பூசாரி பொட்டலத்தைப் பிரித்தார். வெள்ளை அரளி.

அப்போது எனக்கு வந்த சந்தோஷம்! நாயனக்காரருக்கும் பாதிரிக்கும் கட்டின பெண்டாட்டிக்கும் பெற்ற பிள்ளைக்கும் விளங்காதது ஆத்தாளுக்கு விளங்கியிருக்கிறது. வெங்கடாசலம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். திருநீறு பூசிக்கொண்டார். கோயிலை விட்டு வெளியே வந்து, செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"ஆத்தா சொல்லிப்போட்டா, அதுக்கு மறுபேச்சு இல்லீங்க. ஆனா எங்க ஊட்டுப் பொம்பளைங்க வாய ஆத்தாளா வந்து கட்டப் போறா? அந்தப் பிளேட்டு இல்லீன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, அடுத்த முகூர்த்தத்துலயே வெச்சுக்கலாம்."

சாமிக்குமேல் ஒரு கோர்ட்டு உண்டென்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வண்டியைப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். விளக்கு வைக்கிற நேரத்துக்கு மயிலம்மாள் என்னிடம் வந்தாள். பிளேட்டைத் தூசி தட்டித் துடைத்து, துண்டில் பொதிந்து, இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"நீங்களே செஞ்சுப்போடுங்கப்பா. வேற யாராச்சும் செஞ்சா உங்களுக்குப் பொறுக்காது."

பாட்டு அவளுக்கும் விளங்கவில்லை. அது எனக்கு என்ன என்பது மட்டும் அவளுக்கு எப்படியோ விளங்கியிருக்கிறது. அதற்குமேல் நான் என்ன வாதாடுவது? ஆட்டுக்கல் விளிம்பில் தட்டினேன். ஒரே தட்டுத்தான். உடைந்த பிளேட்டின் உள்ளே கரித்துண்டு மாதிரி இருந்தது.

கல்யாணம் நன்றாகத்தான் நடந்தது. மேளம் காது கிழிய அடித்தார்கள்.

மயிலம்மாள் மோகனூருக்குப் போன மறுவாரம் காலையில் தண்ணீர் இறைக்கக் கவலை ஏற்றம் பூட்டினேன். எருதுகள் சரிவில் இறங்க இறங்க, தோல் சால் கிணற்றிலிருந்து மேலேறும். வடத்தின்மேல் உட்கார்ந்து நான் வழக்கமாகப் பாடுகிற பாட்டுக்குத்தான் அவை அடியெடுத்து வைக்கும். அன்று வாயில் அது வரவில்லை. ருஷ்யர்களின் அடிக்குரல்தான் வந்தது. குரலை எட்டிய மட்டும் கீழே இறக்கி அதைப் பிடித்தேன். நன்றாகத்தான் பிடித்தேன். ஆனால் அதன்மேல் வந்து உட்கார வேண்டிய குரல்களுக்கு நான் எங்கே போவது? ஒற்றைத் தொண்டையை வைத்துக்கொண்டு என்ன செய்ய? பாதிச் சரிவில் எருதுகள் நின்றுவிட்டன. எந்தக் காலை எடுத்து வைப்பது என்று தெரியாமல் இரண்டும் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தன. ஓட்டவும் தோன்றாமல், மற்றவர்கள் வரவேண்டிய இடத்தில் வாயைத் திறந்தபடி நான் உட்கார்ந்திருந்தேன். சால் பாதிக் கிணற்றில் தொங்கியது. மொண்ட தண்ணீரெல்லாம் கிணற்றுக்கே ஒழுகிக்கொண்டிருந்தது.