எங்க வச்சு யூஸ் பண்ணுவீங்க?

எங்கள் வீட்டில் யாரும் யாரையும் "கூடாது" என்று சொன்னதில்லை. இதைப் பெருமையாகச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஒருமுறை ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னேன். அத்தான் முகம் மலர, "அதுக்கென்ன, தாராளமா" என்றார். மறுநாள் எனக்கு ஒரு நல்ல குடை வாங்கி வந்தார், பஸ் நிறுத்தம் வரைக்கும் நனையாமல் நடப்பதற்கு. ஸ்கூட்டர் பேச்சு அத்தோடு முடிந்தது. குடை இன்னும் இருக்கிறது.

அத்தான் என் அக்காவின் கணவர். டைல்ஸ் விற்கிற கம்பெனியின் கிடங்குக்குப் பொறுப்பாளர். இடுப்பில் பதினோரு சாவி தொங்கும். அவர் மாடிப்படி ஏறும் சத்தத்தை வைத்தே அக்கா அடுப்பைப் பற்றவைத்துவிடுவாள். கெட்ட மனிதர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். கிடங்கை விட்டு வெளியே போன பெட்டி எதுவும் முழுசாகத் திரும்பி வந்து அவர் பார்த்ததில்லை. முப்பது வருடமாக அதையே பார்த்துப் பார்த்து, உலகமே அப்படித்தான் என்று முடிவு கட்டிவிட்டார்.

நான் அவர்கள் வீட்டோடு இருப்பவள். ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் பெயர் பதிகிற கவுண்டரில் வேலை. வீட்டில் கீபோர்டைப் பார்க்காமல் டைப் அடிக்கத் தெரிந்த ஒரே ஆள் என்பதால் எனக்குக் கம்ப்யூட்டர் எஞ்சினியர் என்று பட்டம். டிவி ரிமோட்டில் பேட்டரி தீர்ந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

அக்காவுக்கு ஒரே பெண். செல்லப் பெயர் வாலு. பதினெட்டு வயதாகியும் அத்தானுக்கு மட்டும் அவள் பாப்பா. அந்த வருடம் அவளுக்கு இரண்டு இடத்தில் சீட் கிடைத்தது. ஒன்று, வீட்டிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிஷம், கணிதம். இன்னொன்று, ரயிலில் பதினோரு மணி நேரம். வானிலையியல், ஹாஸ்டலில் தங்கிப் படிக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது இரண்டாவதுதான். ஆறாம் வகுப்பிலிருந்து மொட்டை மாடியில் ஒரு டப்பாவை வைத்து மழையை அளந்து நோட்டில் எழுதி வருகிறவள். "இன்னிக்கு மழை வராது சித்தி" என்று அவள் சொன்ன நாளெல்லாம் நான் நனைந்திருக்கிறேன் என்பது வேறு விஷயம். படித்தால் சரியாகிவிடும்.

எந்த சீட் வேண்டும் என்று ஆன்லைனில் உறுதி செய்ய இருபது நாள் அவகாசம். கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி. வாலு இரண்டு கடிதத்தையும் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். அத்தான் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"ரொம்ப சந்தோஷம் பாப்பா. காலேஜ்னா கம்ப்யூட்டர் வேணுமே. எது வாங்கலாம்?"

அன்றிலிருந்து வீட்டில் ஹாஸ்டல் என்ற சொல்லே காணாமல் போனது. லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா என்பதுதான் பேச்சு. பெரிய திரை கண்ணுக்கு நல்லது, டெஸ்க்டாப்பே வாங்கலாம் என்று அத்தான் சொன்னால், வீட்டிலிருந்தே படி என்று அர்த்தம். லேப்டாப் என்றால் எங்கே வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம் என்று வாலு சொன்னால், நான் போகிறேன் என்று அர்த்தம். நடுவில் அக்கா, லேப்டாப் சீக்கிரம் சூடாகிவிடுமாமே என்று யாரையும் பார்க்காமல் கேட்பாள். பிராசஸர், பேட்டரி, மெமரி என்று மூன்று பேரும் என்னிடம் சந்தேகம் கேட்டுக் கேட்டு என் பிராணனை வாங்கினார்கள். ஒருத்தருக்காவது பேட்டரி மேல் அக்கறை இருந்திருந்தால் நான் ஏன் இப்படிப் புலம்புகிறேன்?

"டெஸ்க்டாப்புக்கு இடம்கூட ரெடியா இருக்கு" என்று ஒருநாள் அத்தான் ஹாலின் மூலையைக் காட்டினார்.

அங்கே இருந்த மேஜை எனக்காகச் செய்தது. பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் எனக்கு வெளியூரில் ஒரு வேலைக்கு உத்தரவு வந்தது. அக்கா அப்போது மாசமாக இருந்தாள். அத்தான் "தாராளமா போ" என்றார். அந்த வாரமே தச்சர் வந்து மூலையை அளந்தார். பின்னாலேயே கம்ப்யூட்டர் வந்தது. வீட்டிலிருந்தபடியே தபாலில் மேலே படிக்கலாம், குழந்தை பிறந்து மூன்று மாசம் போகட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். படித்தேன். பட்டமும் வாங்கினேன். அந்த மூன்று மாசம்தான் இன்னும் முடியவில்லை. கம்ப்யூட்டர் என்றைக்கோ எடைக்குப் போனது. மேஜை மேல் இப்போது இஸ்திரிப் பெட்டி இருக்கிறது.

அக்கா என்னை சமையலறையில் மடக்கினாள்.

"நீ சொன்னா அவ கேப்பா. டெஸ்க்டாப்தான் நல்லதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடு."

"யாருக்கு நல்லது?"

"எனக்குடி." பாத்திரம் கழுவுவதை நிறுத்தாமலே சொன்னாள். "அவ போயிட்டா நாம மூணு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டுதான் உக்காந்திருக்கணும். நெனச்சுப் பாத்தியா?"

நினைத்துப் பார்த்தேன். அவள் கழுவி வைத்த பாத்திரங்களைத் துடைத்து அடுக்கினேன்.

வாலு என்னை மாடிப்படியில் பிடித்தாள். 

"போன்லயே கன்ஃபர்ம் பண்ணிடலாம் சித்தி. ஒரு நிமிஷ வேலை. ஆனா திருட்டுத்தனமா போக மாட்டேன். இந்த வீட்ல யாராவது ஒருத்தர் ஹாஸ்டல்ங்கற அந்த வார்த்தைய வாய் திறந்து சொல்லணும்."

"நீயே சொல்லேன்."

"நான் சொன்னா அப்பா ரேம் எவ்வளவுன்னு கேப்பாரு. மூணு தடவ ஆச்சு. நீங்க சொல்லுங்க. கடையில வச்சு சொல்லுங்க. நாலு பேர் முன்னாடி பேச்ச மாத்த முடியாது."

"சொல்றேன்" என்றேன். சத்தியமாகச் சொல்லத்தான் நினைத்திருந்தேன்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை நால்வரும் கடைக்குப் போனோம். கழுத்தில் அட்டை மாட்டிய விற்பனைக்காரர் துறுதுறுவென்று இருந்தார். யாருக்கு, என்ன படிப்பு, படம் வரைகிற வேலை உண்டா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தவர், அதே வேகத்தில் அதையும் கேட்டுவிட்டார்.

"எங்க வச்சு யூஸ் பண்ணுவீங்க? வீட்லயா, ஹாஸ்டலா?"

பதினைந்து நாளாக நாங்கள் சுற்றி வளைத்துக்கொண்டிருந்த விஷயத்தை, பெயர் தெரியாத ஆள் போகிறபோக்கில் போட்டு உடைத்தார். அக்கா கைப்பையின் ஜிப்பை மூடித் திறந்தாள். அத்தான் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இவதான் எங்க வீட்டு எஞ்சினியர். இவளே சொல்லுவா."

வாலு என்னையே பார்த்தாள். 

"வீட்லதான்" என்றேன்.

இரண்டு வினாடிகூட யோசிக்கவில்லை. பத்தொன்பது வருடமாக அத்தான் சிரித்ததும் என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொல்லியே பழகிய வாய், என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது. வாலு தரையைப் பார்த்தாள். அந்த நிமிஷம் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

"அப்போ டெஸ்க்டாப்பே போதும்" என்று விற்பனைக்காரர் திரும்பினார்.

நினைத்தது நடந்துவிட்டதால் அத்தானுக்குத் தாராள மனசு வந்துவிட்டது. "இல்ல இல்ல. கொழந்த ஆசப்பட்டுக் கேட்டது லேப்டாப். லேப்டாப்பே குடுங்க. இருக்கறதுலயே பெருசா."

பெருசாகவே வந்தது. மூன்றரை கிலோ. மடியில் வைத்தால் கால் மரத்துப்போகும். கூடவே இலவசமாக ஒரு பை, ஒரு மவுஸ், பிறகு ஒரு பூட்டு. லேப்டாப்பின் ஓரத்தில் இருக்கிற துளையில் மாட்டுகிற பூட்டு. அதிலிருந்து ஒரு கெட்டியான இரும்புக் கேபிள். அதுவரை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். லேப்டாப்பைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காதவர், பூட்டைப் பற்றி ஐந்து கேள்வி கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் இஸ்திரிப் பெட்டியை எடுத்துவிட்டு மேஜையைத் துடைத்தார். துளைபோடும் மெஷினைக் கொண்டுவந்து மேஜைப் பலகையில் ஒரு துளை போட்டார். கேபிளை அதில் நுழைத்துச் சுற்றி, லேப்டாப்பில் மாட்டிப் பூட்டினார். இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.

"இனிமே ஒருத்தனும் தூக்கிட்டுப் போக முடியாது" என்றார். இடுப்பில் பன்னிரண்டாவது சாவி ஏறியது.

"அழகா இருக்குப்பா" என்றாள் வாலு. தினமும் காலையில் மழை வருமா வராதா என்று தப்பாகவாவது சொல்கிறவள், ஐந்து நாள் என்னிடம் வாயே திறக்கவில்லை. 

வெள்ளிக்கிழமை கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். எதிரே வருகிறவர்களிடம் "எங்க போகணும்?" என்று கேட்பது என் வேலை. கண் டாக்டர், எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை என்று அவரவர் பட்டென்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். ஒருத்தரும் பக்கத்தில் நிற்பவரின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. மூன்றரை மணிக்கு எனக்குப் பொறுக்கவில்லை. பர்மிஷன் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

வீட்டுக்குள் நுழையும்போது நாலே முக்கால். வாலு மூலை மேஜையில் இருந்தாள். திரையில் இரண்டு பெயர்கள், இரண்டு வட்டங்கள், எதையும் தொடவில்லை. அத்தான் அன்று லீவு போட்டிருந்தார். அவள் முதுகுக்குப் பின்னால் நாற்காலி போட்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அக்கா சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அத்தான், வாலு ஹாஸ்டலுக்குப் போறா."

"வெயில்ல வந்திருக்க. மொதல்ல தண்ணி குடி."

"தண்ணி வேண்டாம். அவ ஹாஸ்டல்ல தங்கி வானிலை படிக்கப் போறா."

"இந்த லேப்டாப்ல என்னமோ ஃபேன் சத்தம் கேக்குது, நீ கொஞ்சம்…"

"அத்தான்!"

அந்த வீட்டில் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. வீட்டை விட்டுப் போய்விடு என்று சொல்லிவிட்டால் எங்கே போவது என்று பயந்தேன். பொய் சொல்லவில்லை, வாலுவை நினைத்ததைவிட அதைத்தான் அப்போது அதிகமாக நினைத்தேன்.

அத்தான் பேப்பரை நாலாக மடித்தார், எட்டாக மடித்தார்.

"நான் எப்பவாவது கூடாதுன்னு சொல்லியிருக்கேனா? தாராளமா போகட்டும்." இடுப்புச் சாவிகளைத் தடவினார். "ஆனா லேப்டாப் இங்கயே இருக்கட்டும். ஹாஸ்டல்ல காணாமப் போயிடும். அது இல்லாம எப்படிப் படிப்பான்னு அவளையே கேளு."

இதற்கு மேல் பேச்சில்லை என்று அவருக்குத் தெரியும். ஆசைப்பட்டதைக் கையில் கொடுத்துவிட்டால் யாரும் அதை விட்டுவிட்டுப் போக மாட்டார்கள். அதற்கு சாட்சியாகத்தான் நான் அங்கே செருப்போடு நின்றுகொண்டிருந்தேன்.

வாலு நாற்காலியைத் திருப்பினாள்.

"சரிப்பா. இங்கயே இருக்கட்டும்."

திரும்பி ஒரு வட்டத்தைத் தொட்டாள். உறுதி செய்யப்பட்டது என்று திரையில் வந்தது. நாலு ஐம்பத்திரண்டு.

அவ்வளவுதானா? எனக்கு அழுகைக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது. கம்ப்யூட்டர் இங்கேயே இருக்கட்டும் என்று நானும் அன்றைக்குச் சொல்லியிருக்கலாமே. அப்படி ஒரு பதில் உண்டு என்றே எனக்குத் தோன்றவில்லை.

அவள் ஒரு பெட்டியும், மழை அளக்கிற டப்பாவுமாக ரயில் ஏறினாள். அத்தான்தான் பெட்டியைத் தூக்கி வைத்தார். ஜன்னல் கம்பியை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.

ஒரு மாதம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் செய்தாள்.

"கம்ப்யூட்டருக்கு என்னடி பண்ற?"

"லேப் இருக்கு சித்தி. நாப்பது மெஷின். எல்லாத்தையும் மேஜையோட சேத்துப் பூட்டி வச்சிருக்காங்க. அதே பூட்டு! அப்பாகிட்ட சொல்லுங்க, சந்தோஷப்படுவாரு." விழுந்து விழுந்து சிரித்தாள். "ஆறு மணிக்கு மூடிடுவாங்க. நான் பையத் தூக்கிட்டு வெளிய வந்துடுவேன். இங்க சாயங்காலம் என்ன காத்து தெரியுமா!"

அத்தானிடம் சொன்னேன். நிஜமாகவே சந்தோஷப்பட்டார். அப்புறம் மூலையைப் பார்த்தார். லேப்டாப் தூசி படிந்து கிடந்தது. எழுந்து போய் பன்னிரண்டாவது சாவியால் பூட்டைத் திறந்தார். கேபிளை உருவி, நிதானமாகச் சுருட்டி, டிராயரில் வைத்தார்.

"சும்மாதான கெடக்கு. நீ யூஸ் பண்ணிக்கோ" என்றார். "உனக்கு எதுக்குப் பூட்டு? நீ எங்க போகப் போற?"

அன்பாகத்தான் சொன்னார். அக்காகூட சமையலறையிலிருந்து சிரித்தாள். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வாலுவுக்காக அன்றைக்கு அவ்வளவு சத்தமாக வந்த குரல், எனக்காக வரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு மேஜை முன்னால் உட்கார்ந்தேன்.